ஹெட்லி சுட்ட மூஸ் வேகாத குளிர்காலம்

பர்னபித் துறையில் அந்த வருஷம் ஹெட்லி பிக்கோ சுட்ட மூஸ் மானின் இறைச்சி எந்த வீட்டு அடுப்பிலும் வேகவில்லை. தண்ணீர் கொதித்தது, டர்னிப் குழைந்தது, உருளைக்கிழங்கு கரைந்து கஞ்சியாகவே ஆனது, இறைச்சி மட்டும் போட்டபடியே சிவப்பாகச் சில்லென்று கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பானையை ஏற்றிவிட்டுச் சர்ச்சுக்குப் போன பெண்கள் திரும்பி வந்து மூடியைத் திறந்தால் துண்டுகளின் மேல் உறைபனி படிந்திருந்தது. குளிர்காலத்துக்கென்று பாட்டிலில் அடைத்து வேகவைத்தவர்களுக்கும் அதே கதிதான். பாட்டிலின் வெளிப்புறம் கையைச் சுட்டது, உள்ளே ஜனவரி மாதம். நாய்களுக்குப் போட்டார்கள், அவை முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாக விலகிக்கொண்டன. இறைச்சி கெட்டுப்போகவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கெட்டிருந்தால் தூக்கி எறிந்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

மீன் ஆலை மூடியபின் எங்கள் துறையில் உடம்பில் தெம்பிருந்தவர்கள் எல்லோரும் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு மேற்கே ஆல்பர்ட்டாவுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் சதுப்பில் இறங்கி, ஒரு மூஸை நாலாக வெட்டி, முதுகில் சுமந்து கொண்டுவரக்கூடியவன் ஹெட்லி ஒருவன்தான். அரசாங்கக் குலுக்கலில் வேட்டை லைசன்ஸ் யார் பெயருக்கு விழுந்தாலும் கூட்டாளி என்ற இடத்தில் அவன் பெயர் இருக்கும். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு, குறி மட்டும் தப்பாது. அவன் சுட்டால் ஊர் சாப்பிடும். சுடாவிட்டால் ஃபெர்ரிப் படகில் வரும் டின் இறைச்சியைப் பொரித்துத் தின்றுகொண்டு வசந்தம் வரும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பங்கு போடுவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. ஈரலும் இதயமும் சூடு ஆறுவதற்குள் ஊரிலேயே வயதான ஆளுக்குப் போகும். மற்றதை ஒரு வாரம் ஷெட்டில் தொங்கவிட்டு, அறுத்து, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சுட்டவன் கடைசியில் எடுத்துக்கொள்வான். அவன் எவ்வளவு எடுத்தான் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அடுத்தவன் தட்டை எட்டிப் பார்ப்பதைவிட அது மோசமான காரியம்.

இது திடீரென்று வந்த வினை இல்லை. மனைவி வெர்னா இறந்தபின் ஹெட்லி சுட்ட முதல் மூஸின் இறைச்சியே வேக அரை நாள் பிடித்தது. கிழட்டுக் கடா, தசை முறுகிப்போயிருக்கும் என்றார்கள். அடுத்த வருஷம் சனிக்கிழமை காலையில் ஏற்றியது ஞாயிறு மத்தியானம்தான் பதமானது. மின்சாரத்தைத் திட்டினார்கள், மின்சாரக் கம்பெனியைத் திட்டினார்கள், ஒருவர் புது அடுப்பே வாங்கிப் பார்த்தார். மூன்றாம் வருஷம் அக்டோபரில் ஹெட்லி கன்னர்ஸ் குளத்துப் பக்கம் போய், உள்ளங்கைகளைக் குவித்து வாயில் வைத்துப் பெண் மூஸைப் போல முனகினான். குட்டை மரங்களுக்குள்ளிருந்து ஒரு இளங்கடா உறுமியபடி வந்து அவனுக்கு நேராக நின்றது. ஒரே குண்டு. வயிற்றைக் கிழித்தபோது வழக்கம்போல வெள்ளையாக ஆவி எழுந்தது. எழுந்த ஆவி மேலே போகாமல் கீழே இறங்கி அவனுடைய பூட்ஸைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. ஹெட்லி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். அப்படிப்பட்ட விஷயங்களை அவன் உடனே யாரிடமும் சொல்கிறவன் இல்லை.

நவம்பர் முடிவதற்குள் நிலைமை முற்றிவிட்டது. கடையில் ஹெட்லி உள்ளே வந்தால் பேச்சு நின்றது. அவன் போனதும் மறுபடி தொடங்கியது. எங்கள் ஆட்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, ஆனால் பசித்தவன் நாக்குக்குக் கடிவாளம் ஏது? "மூஸத்தான் சுட்டியா, இல்ல யாராச்சும் செஞ்சு வச்ச சிலைய சுட்டியா?" என்று ஒருவர் கேட்டார். ஹெட்லி காசைக் கொடுத்துவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து, துணியில் சுற்றி, இனி இதைத் தொடப்போவதில்லை, ஃபெர்ரியில் அனுப்பி விற்றுவிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. துப்பாக்கி போனால் அடுத்த குளிர்காலத்துக்கும் அதற்கடுத்ததற்கும் இறைச்சி கிடையாது. ஹெட்லிக்கோ, துப்பாக்கியும் போனால் காலையில் எழுந்திருக்க ஒரு காரணமும் மிச்சம் இருக்காது.

ஈரலையும் இதயத்தையும் வாங்குகிற உரிமை அப்போது தர்சா அம்மாளிடம் இருந்தது. தொண்ணூறைத் தாண்டியவள், வாயில் ஒரு பல் கிடையாது, ஆனால் வார்த்தைக்குப் பல் உண்டு. அவள் ஹெட்லியைக் கூப்பிட்டனுப்பி, "ஒரு வீடு விட்டுப்போச்சுடா. பங்கு போகாத வீடு ஒண்ணு இருந்தா இறைச்சி எப்படி வேகும்?" என்றாள். எந்த வீடு என்று அவன் கேட்கவில்லை. அது ஊருக்கே தெரியும் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

ஹெட்லிக்கு ஆம்ப்ரோஸ் என்று ஒரு அண்ணன், துறையின் மறு கோடியில். அதற்குப் பதினோரு வருஷத்துக்கு முன் இரண்டு பேரும் ஒரே மூஸை ஒரே நொடியில் சுட்டார்கள். மிருகத்தின் உடம்பில் ஒரு குண்டுதான் இருந்தது. அது யாருடைய குண்டு என்பதில் தொடங்கிய பேச்சு, சுமந்து வரும் வழியெல்லாம் வளர்ந்து, ஷெட்டு வாசலில் நின்றுபோனது. அதற்குப் பின் பேச்சே இல்லை. அப்போதும் வெர்னா ஒவ்வொரு வருஷமும் அந்த வீட்டுப் பங்கைப் பின்வாசல் வழியாக ஆம்ப்ரோஸின் மனைவி லெவினாவிடம் கொடுத்துவிட்டு வருவாள். கொடுத்ததை ஹெட்லி பார்க்காததுபோல் இருப்பான், தின்றதை ஆம்ப்ரோஸ் தெரியாததுபோல் இருப்பான். வெர்னா போனபின் பின்வாசலுக்குப் போக ஆள் இல்லை.

ஆகவே ஹெட்லி ஷெட்டில் மிச்சமாகத் தொங்கிய ஒரு தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டு முன்வாசலில் போய் நின்றான். முழங்கால் தேய்ந்த ஆம்ப்ரோஸ் நொண்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்து, தம்பியைப் பார்க்காமல் தொடையைப் பார்த்தான்.

"இது யாரு சுட்டது?" என்றான்.

"நான்தான்."

"நல்லாத் தெரியுமா? பக்கத்துல வேற யாரும் சுடலையே?"

"அண்ணே, வாங்கிக்கிறியா, திருப்பி எடுத்துட்டுப் போகவா?"

உள்ளேயிருந்து லெவினா, "உள்ள வந்து சண்டை போடுங்க ரெண்டு பேரும். கதவத் தொறந்து வச்சிட்டு நின்னா சூடெல்லாம் வெளிய போகுது" என்றாள்.

ஹெட்லி உள்ளே போகவில்லை, ஆனால் தொடை போனது. துறை முழுக்க நம்பிக்கையோடு பானைகளை ஏற்றினோம். உப்பிட்ட பன்றிக் கொழுப்பு உருகியது, வெங்காயம் பொன்னிறமானது, இறைச்சி அசையவில்லை. லெவினாவின் பானையிலும் அதே பனி. இதில் ஆம்ப்ரோஸுக்குக் கோபமும் வந்தது, கொஞ்சம் திருப்தியும் வந்தது. குற்றம் தன் வீட்டில் இல்லை என்று ஆகிவிட்டதே. ஊரில் இருக்கும் அத்தனை பேரிலும் ஹெட்லியின் வீட்டுக்குள் கேட்காமல் நுழையக்கூடிய மரியாதைகெட்ட மனுஷன் ஆம்ப்ரோஸ் ஒருவன்தான். மரியாதை தெரிந்த நாங்கள் மூன்று வருஷமாகக் கண்டுபிடிக்காததை அவன் வந்த கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்தான்.

வேகாத துண்டுகளை ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு ஆம்ப்ரோஸ் உள்ளே நுழைந்தபோது ஹெட்லி மேஜையில் உட்கார்ந்து காய்ந்த ரொட்டியும் டின் இறைச்சியும் தின்றுகொண்டிருந்தான். சுட்டவன் நல்ல பாகத்தை ஒளித்துவைத்துக்கொண்டு ஊருக்குக் கல்லைக் கொடுத்திருக்கிறான் என்று நிரூபிக்கிற உத்தேசத்தோடு அண்ணன் நேராகப் போய் ஃப்ரீசரைத் திறந்தான். உள்ளே ஒரு பை பட்டாணி இருந்தது. வெர்னா பறித்து வைத்த காட்டுப் பழங்கள் ஒரு டப்பாவில் இருந்தன. வேறொன்றும் இல்லை.

"உன் பங்கு எங்கடா?"

"எல்லாருக்கும் கொடுத்தாச்சு."

"அது தெரியும். உனக்கு?"

ஹெட்லி ரொட்டியைப் பார்த்தான்.

"போன வருஷம்?"

ஹெட்லி இன்னொரு துண்டு ரொட்டியை அறுத்தான். ஆம்ப்ரோஸ் ஃப்ரீசர் மூடியைப் பிடித்தபடியே நின்றான். மூன்று வருஷமாக விட்டுப்போயிருந்த வீடு இதுதான்.

பிறகு ஹெட்லி பேசினான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. ஆம்ப்ரோஸ் லெவினாவிடம் சொல்லி, லெவினா எங்களிடம் சொன்னது இது. "அன்னிக்கு அவதான் பானைய ஏத்தினா. நான் விறகு எடுக்கப் போனேன். திரும்பி வர்றப்பவே வாசல் வரைக்கும் வாசனை. வெந்துருச்சு போலிருக்கே, போடுன்னேன். நாற்காலியில உக்காந்தபடியே போயிருந்தா, அண்ணே. இறைச்சி பதமா இருந்துச்சு. அந்த வாசனை இனிமே இந்த வீட்டுல வேணாம்."

ஆம்ப்ரோஸுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது; அவர்கள் குடும்பத்திலேயே யாருக்கும் தெரியாது. "சரி, வேணாம்னா வேணாம்" என்றான். "ஊர் மொத்தமும் பச்சையாத் தின்னட்டும். தர்சா கெழவிக்குத்தான் பல்லு கிடையாது. அவ பாட்டுக்குச் சப்பிக்கிட்டுக் கெடக்கட்டும்." சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அதே சுவரில் வெர்னாவின் இரும்புப் பானை துருப்பிடித்துத் தொங்கியது. அதை எடுத்துக் கொழுப்பைத் தடவித் துருவைத் தேய்த்தான். இரண்டு பேருக்கும் சமையல் வராது. வெங்காயத்தைத் தோலோடு பாதி, தோலில்லாமல் பாதி என்று நறுக்கினார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்வதற்கு அதையே காரணமாகச் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. கொழுப்பு உருகிப் புகைந்ததும் ஆம்ப்ரோஸ் இறைச்சியைப் போட்டான். சூடான கொழுப்பில் அது சத்தமே இல்லாமல் கிடந்தது.

ஹெட்லி எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போனான்.

"எங்க போற?"

"விறகு எடுத்துட்டு வரேன்."

"போன தடவ எடுத்தது போதும். வந்து உக்காரு."

ஹெட்லி கதவுக் கைப்பிடியில் கையை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றான். அவனுக்குப் பயமாக இருந்தது. கடா நேராக வந்து நின்றபோதுகூட அவன் அப்படிப் பயந்தவன் இல்லை. பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். பானையில் இறைச்சி சுரீரென்றது.

அதே நேரத்தில் தர்சா அம்மாளின் பானை மூடி எழும்பி ஆடியது. லெவினாவின் அடுப்பில் கொதித்து வழிந்தது. கடைக்காரர் வீட்டு அலமாரியில் ஒரு மாதமாகச் சிவப்பாக இருந்த பாட்டில்கள் ஒவ்வொன்றாகப் பழுப்பு நிறமாகி, மூடிகள் டக், டக் என்று உள்ளே அமுங்கி இறுகின. பிறகு பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு. வீசிய காற்றில் மூஸ் இறைச்சியின் வாசனை துறை முழுக்கப் பரவி, கரைக்கு வந்துகொண்டிருந்த ஃபெர்ரிவரை போனது. மாலுமிகள் மேல்தளத்துக்கு வந்து மூக்கை உயர்த்தி நின்றதாகப் பிறகு சொன்னார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தட்டுகளை எடுத்து வைத்தோம்.

ஹெட்லி முதல் துண்டைக் கவனமாக மென்றான், இரண்டாவதையும் மென்றான். பிறகு, "உப்பு பத்தல" என்றான்.

மூன்று வருஷத்தில் அவன் எதைப் பற்றியாவது சொன்ன முதல் குறை அதுதான். ஆம்ப்ரோஸ் உப்புக்காக எழுந்தபடியே, "வெர்னா சமைச்சப்பவும் இப்படித்தான் சொல்லுவியா?" என்று கேட்டான்.

"சொன்னா தட்டப் புடுங்கிடுவா" என்று ஹெட்லி சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையானது. அழுதுகொண்டே தட்டைக் காலி செய்து, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னான்.

துப்பாக்கி ஃபெர்ரி ஏறவில்லை. அதற்குப் பின் பல குளிர்காலங்கள் போய்விட்டன. அந்தக் குண்டு யாருடையது என்பதில் சகோதரர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. சண்டையை இப்போது ஒரே மேஜையில் உட்கார்ந்து போடுகிறார்கள். போன டிசம்பரில் கிளினிக்குக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வந்தாள். எல்லா வீட்டையும் போல அவள் வீட்டுக்கும் பங்கு போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்றிய பானை மத்தியானம் தாண்டியும் சில்லென்று இருக்கவே, அடுப்பில்தான் கோளாறு என்று நினைத்துப் பக்கத்து வீட்டு லெவினாவின் கதவைத் தட்டினாள். லெவினா ஜன்னல் வழியாகத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அடுப்புல ஒண்ணும் இல்ல, கண்ணு. ஹெட்லி இன்னும் ஷெட்டுலயே நின்னுக்கிட்டிருக்கான். இன்னிக்கு அவன் பொண்டாட்டி போன நாள். பசிக்குதுன்னா போயி அவன உள்ள கூட்டிட்டு வந்து உக்கார வை."

நர்ஸ் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.