பாவாடையின் இடது ஓரம்

அந்தத் தையல்காரி மகளைக் கவனிக்காதவள் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். மகளுக்கு ஒன்பது வயதில், பள்ளி முனையில் திரும்பிய வேன் ஒன்று இடித்து, இடது தொடை எலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்தது. அப்போது மிஷினை மூடிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தவள் அவள். கட்டுப் பிரித்ததும் தோள் கொடுத்து நடக்க வைத்தவளும் அவள்தான். பிள்ளை மறுபடி தெருவில் ஓடியபோது வாசலில் நின்று அழுதாள். அப்புறம் பார்த்தவர்களிடமெல்லாம், "என் வாலு பழையபடி ஆயிட்டா" என்று சொல்லித் திரிந்தாள்.

எலும்பு டாக்டர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். முறிந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் எலும்பு வளர்கிறது, அதனால் பெண் வளர்ந்து முடிக்கும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டி வந்து காட்ட வேண்டும். இரண்டு தடவை போனாள். மூன்றாம் தடவை பள்ளி திறக்கிற சமயம். சீருடைத் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. ஓடியாடுகிற பிள்ளையை ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார வைப்பானேன், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த மாதம் எந்தக் காலத்தில் வந்திருக்கிறது!

மறு வருடம் மகளுக்குப் புதுச் சீருடை போட்டுப் பார்த்தபோது பாவாடையின் இடது ஓரம் ஒரு விரல் அகலம் தொங்கியது. வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் "ஏன்டி கோணலா நிக்கற" என்றாவது கேட்டிருப்பாள். இவள் தையல்காரி ஆயிற்றே! எந்த உடம்பும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது என்பது அவள் தொழிலில் பாலபாடம். தோள் இறங்கியவருக்கு அந்தத் தோளில் பஞ்சு வைப்பாள், இடுப்பு ஒரு பக்கம் பெருத்தவளுக்கு அந்தப் பக்கம் விட்டுத் தைப்பாள். "என்கிட்ட வந்தா கோணலெல்லாம் நேராயிடும்" என்று ஜம்பம் வேறு. வாயில் குண்டூசியைக் கடித்தபடி மண்டியிட்டு இடது ஓரத்தை ஏற்றி மடித்தாள். நினைப்பு வேறெங்கோ இருக்க, கை பாட்டுக்கு வேலையை முடித்தது. அடுத்த பாவாடையில் இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

பதினான்கு வயதில் மகளுக்கு முதுகு வலித்தது. "எந்நேரமும் போனுக்குள்ள தலைய விட்டுட்டு இருந்தா வலிக்காம என்ன செய்யும்?" என்று திட்டினாள். தைலம் தேய்த்தாள். எதற்கும் கேட்கவில்லை. கடைசியில் பழைய டாக்டரிடமே கூட்டிப் போனாள்.

டாக்டர் பெண்ணை நிற்கச் சொல்லி, இடுப்பின் இரண்டு பக்கமும் கை வைத்துப் பார்த்தார். பிறகு இடது பாதத்தின் கீழே மெல்லிய மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். இடுப்பு சமமானது. உடனே பாவாடை கோணலாயிற்று. இடது ஓரம் மேலே ஏறிக்கொண்டு நின்றது. தையல்காரி தன் கைவேலையை அப்போதுதான் பார்த்தாள். 

"அடிபட்ட கால் சரியா வளராம மூணு சென்டிமீட்டருக்கு மேல குறைஞ்சிருக்கும்மா" என்றார் டாக்டர், எக்ஸ்ரேயைப் பார்த்தபடி. "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா, நல்ல காலோட வளர்ச்சிய சின்ன ஆபரேஷன்ல நிறுத்தி சமமாக்கியிருக்கலாம். இப்ப வளர்ச்சி முடியப் போகுது. இனிமே எலும்ப வெட்டி, கம்பி மாட்டி, மாசக்கணக்கா இழுத்து நீட்டணும். இல்லன்னா ஆயுசு பூரா ஒரு செருப்ப உயர்த்திப் போட்டுக்கணும்."

பாழாய்ப்போன கை, இதை வைத்துக்கொண்டா பெருமை பேசினேன் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

டாக்டர் பெண்ணிடம் திரும்பினார். "உனக்குமா தெரியல?"

"தெரியும் டாக்டர். ஏழாவது படிக்கறப்பவே."

"அப்புறம் ஏம்மா வீட்ல சொல்லல?"

பெண் பலகைகளின் மேல் நின்றபடியே அம்மாவைப் பார்த்தாள், பேசலாமா என்று கேட்பதுபோல.

"அம்மாவுக்குத்தான் தெரியுமே. ஒவ்வொரு பாவாடையிலயும் இந்தப் பக்கம் ஏத்தி மடிச்சது அவங்கதானே. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நினைக்கறாங்க போலன்னு நானும் யார்கிட்டயும் சொல்லல. பி.டி. டீச்சர் கேட்டாக்கூட சுளுக்குன்னுதான் சொல்வேன்."

தையல்காரி இரண்டு பதிலையும் எடைபோட்டுப் பார்த்தாள். தெரியும் என்றால் பாவி. தெரியாது என்றால், பெற்ற பிள்ளையின் காலடியில் வருடா வருடம் மண்டியிட்டும் காலைப் பார்க்காத குருடி.

"சத்தியமா எனக்குத் தெரியலடி, கண்ணு."

"சரிம்மா, விடு" என்றாள் மகள். அவள் அதை நம்பவில்லை. அம்மாவை டாக்டரிடம் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்றுதான் பயந்துபோய் நின்றாள்.