மூன்றாவது குழி

கடப்பாரை மறுபடியும் டங்கென்றது. தேவா குழியிலிருந்து ஏறி வந்து முண்டாசை அவிழ்த்தான். முழங்கால் ஆழத்திலேயே பாறை. காலையில் தோண்டிய முதல் குழியிலும் இதே கதைதான்.

"எரிச்சிடலாம்," என்றார் ராஜாமணி, செத்துப்போன வேணுவின் மைத்துனர். "பொழுது சாயப்போவுது."

"அப்பா பொதைக்கத்தான் சொன்னாரு, மாமா."

எல்லோரும் திரும்பினார்கள். வேணுவின் மகள் சங்கவி இடுகாட்டுக்கே வந்துவிட்டிருந்தாள். கையில் கல்லுடைக்கும் சுத்தியல். எம்.எஸ்சி. நிலவியல் அவளுக்கு இதுவரை வாங்கித் தந்தது அது ஒன்றுதான்.

"பொம்பளப் புள்ள இங்கல்லாம் வரக்கூடாதும்மா."

"மூணாவதும் பாறையில எறங்கினா பரவால்லியா?"

ராஜாமணி ஒதுங்கி வழிவிட்டார்.

வேணு உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்தவர். அடியில் தண்ணீர் இருந்தால் படுத்த தேங்காய் எழுந்து நிற்கும். ஒருமுறை அது எழுந்த வேகத்தில் தானும் ஒரு முழம் மேலே போனதாகச் சொல்வார். சாட்சிக்கு நின்ற ராஜாமணி அதை இரண்டு முழமாக்கினார். மகளின் படிப்பை மட்டும் வேணு நம்பவில்லை. "கல்லப் படிச்சவளுக்குக் கல்லுதான் வேலை குடுக்கும்," என்பார். அவளும் அந்தத் தேங்காயைக் கடைசிவரை தொட்டதில்லை.

சங்கவி இடுகாட்டை ஒட்டிய ஓடைக்குள் இறங்கி, அரித்த கரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"பாறை கெழக்கால சரிஞ்சி ஆழத்துக்குப் போவுது. மேல, கெழக்கோரமா தோண்டுண்ணா."

"தேங்கா வெச்சிப் பாக்க வேணாமா?" என்றான் தேவா. அவன் கேலியாகக் கேட்கவில்லை.

"தோண்டுண்ணா."

இடுப்பளவு போயும் கடப்பாரை சத்தம் போடவில்லை. ராஜாமணி மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"உங்கூடப் படிச்சவங்கள்லாம் இன்னாம்மா பண்றாங்க?"

"ஒருத்தி பேங்க்ல கீறா. ஒருத்தன் ஒடிசாவுல, சுரங்கத்துல. ஒருத்தன் திண்டிவனத்துல மல்லாக்கொட்டை மண்டியில மூட்டை எண்ணுறான்."

"நீ?"

"நாளைக்கு விழுப்புரத்துல இண்டர்வியூ. நெலத்தடி நீர் பாக்கற வேலை. ஒரே ஒரு போஸ்ட்டு."

"நாளைக்குப் பால் தெளிக்கணுமே."

"தெளிச்சிட்டுப் போறேன்."

"அழுத மூஞ்சோடயா?"

"மூஞ்சியப் பாத்தா மாமா வேலை குடுக்கறாங்க?"

மறுநாள் காலை பால் தெளித்து முடிந்ததும், ராஜாமணி மடியிலிருந்து வேணுவின் தேங்காயை எடுத்துப் புதைமேட்டின் தலைமாட்டில் நிறுத்தினார். அது உருண்டு படுத்துக்கொண்டது.

"எனக்கு நிக்காது," என்று துண்டில் மூக்கைச் சிந்தினார்.

ரோட்டில் விழுப்புரம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சங்கவி சான்றிதழ்ப் பையை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். தேங்காயை நிமிர்த்தி, இரண்டு கையாலும் சுற்றிலும் ஈரமண்ணை அணைத்து இறுக்கினாள். கையை எடுத்தபோது அது நின்றது.