பதுவைக்கு முன்னால் ஒரு ஹால்ட்

வரைபடத்தில் அந்த ஊரின் மேல் முதலில் விரல் வைத்தது யார் என்று எனக்கு இப்போது நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. அப்பா என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் நினைவில் இருப்பது தடித்த விரல், ஜாக்கி நசுக்கிக் கறுத்துப்போன நகம். அம்மாவின் விரல்தான், மோதிரத்தை நான் பார்த்தேன் என்கிறாள் என் மனைவி தமிழ்ச்செல்வி. என்னைப் போல அதிகம் பேசாமல் புத்தகத்தோடு இருப்பவர்கள் எல்லாவற்றையும் நன்றாகக் கவனிப்பார்கள் என்று ஓர் எண்ணம் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது.

போன வருஷம் ஏப்ரல். நாமக்கல்லில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. சாயங்கால ஜெபமாலை முடிந்திருந்தது. அப்பா சவரியார், அம்மா தெரசம்மாள், நான், தமிழ்ச்செல்வி என நான்கு பேர். அம்மாவின் முழங்கால் முழுதாக முடங்கிப்போவதற்குள் உரோமாபுரியைப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. நான் வேலை செய்யும் பள்ளியில் மே பாதியிலேயே சிறப்பு வகுப்புகள் தொடங்கிவிடும் என்பதால் எட்டு நாள்தான் கிடைத்தது. எந்தெந்த ஊர் என்று மறுநாள் சொல்லியாக வேண்டும் என்று சேலத்து ஏஜென்ட் கேட்டிருந்தார்.

இன்னொருத்தியும் அந்த மேசையில் இருந்தாள் என்று சொல்லலாம். என் அக்கா சோபியா. இத்தாலியச் சபை ஒன்றில் கன்னியாஸ்திரியாகச் சேர்ந்து, முதல் வார்த்தைப்பாடு என்கிற துறவற உறுதிமொழி கொடுத்ததும் இத்தாலிக்கே அனுப்பப்பட்டவள். அப்போது அப்பா தன் மூன்று லாரிகளின் முகப்பிலும் அவள் பெயரை எழுதி வைத்தார். பத்து வருஷம் கழித்து அவள் சபையை விட்டு வெளியே வந்தாள். அங்கேயே பொலோனியா என்ற ஊரில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். அப்பா பெயின்டரை வரவழைத்தார். மூன்று லாரிகளிலும் சோபியா போய் 'அந்தோணியார் துணை' வந்தது. பங்குக் கோயிலில் யாராவது கேட்டால் "இத்தாலியில இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அது பொய் இல்லை.

நான் எப்போதாவது அக்காவோடு போனில் பேசுவேன். பேசி முடித்து வைக்கும்போது அம்மா சமையலறை வாசலில் நின்றிருப்பாள். "அங்க மழையாமா?" என்பாள். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வேன். அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக அந்த ஊரின் வானிலை மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"ரோமு, பாரிஸு. ஏனுங்க, பாரிஸ எழுதிட்டீங்களா?" என்றாள் தமிழ்ச்செல்வி. அவள் தீவனக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாரிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பதுவை?" என்றாள் அம்மா.

போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அம்மா நம்பவில்லை. பதுவை அவளுக்குப் பதுவை அந்தோணியார் என்று ஜெபத்தில் வருகிற பெயர். அதற்கு ரயில் நிலையமும் டிக்கெட்டும் இருப்பது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம்.

"ரோமுல காலையில ஏறினா மத்தியானம் பதுவை. நாம மெட்ராஸ் போற நேரங்கூட ஆகாது" என்றேன்.

"ராத்திரி எங்க ஹால்ட்டு?" என்றார் அப்பா.

"எதுக்குங்க மாமா ஹால்ட்டு? ரயிலுங்க அது. நீங்க ஓட்டப்போறதில்ல."

"எந்த வண்டியா இருந்தா என்ன அம்மிணி. ஹால்ட்டு இல்லாம ஒரு டிரிப்பா?"

தமிழ்ச்செல்வி சிரித்தாள். "மாமா, நீங்க டெல்லி பாத்திருக்கீங்களா?"

"பாத்ததில்ல. போயிருக்கேன், எத்தனையோ தடவ."

"கல்கத்தா?"

"அதுவும் அப்படித்தான். ஊருக்கு வெளியில நின்னு, எறக்கிட்டு, ஏத்திட்டு வந்துருவோம்."

"மாமாவுக்கு ஒலகமே பைபாஸ்தான்."

அப்பாவும் சிரித்தார். சிரித்தபடியே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போனைத் தன் பக்கம் இழுத்தார். அவர் பெயர்களைப் படிக்கவில்லை. ரோமிலிருந்து வடக்கே போகும் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹால்ட்டுதான் வேணும்னா புளோரன்ஸ் இருக்குங்கப்பா" என்றேன். "சரி பாதி தூரம். நல்ல ஊரு." அந்த ஊரைப் பற்றி நான் நிறையப் படித்திருந்தேன். எனக்கென்று ஓர் ஊர் கிடைக்கிறதே என்று ஆசையாகவும் இருந்தது.

"பாதியில ஹால்ட்டு போடறவன் புதுசா ஸ்டியரிங் புடிச்சவன்" என்றார் அப்பா. "முக்காலுக்கு மேல ஓட்டிப்போட்டு, எறக்கற ஊருக்குக் கிட்டத்துல போயி நிக்கோணும். படுத்து எந்திரிச்சு, குளிச்சு, லாரிக்கு நோ என்ட்ரி போடறதுக்குள்ள உள்ள போயிரலாம். பாதியில தூங்குனா மறுநாளு பாதி ஓட்டிட்டு அசதியோடதான் போவ. அந்தோணியார்கிட்ட அசதியோட போயி நிக்கறதா?"

அப்போதுதான் அந்த விரல் கோட்டின் மேல் நகர்ந்தது. புளோரன்ஸைத் தாண்டியது. மலையைத் தாண்டியது. பதுவைக்கு முன்னால், முக்கால் தூரத்தில், பெரிய எழுத்தில் இருந்த ஓர் ஊரில் நின்றது.

"இது என்ன ஊரு?"

கேட்டது அப்பா. அதில் சந்தேகம் இல்லை. அவருக்கு அந்தப் பெயர் தெரியும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

"பொலோனியா" என்றேன்.

மௌனம் எனக்குப் பழக்கமானது, பிடித்ததும்கூட. ஆனால் அன்று அது உடைந்தால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது. வெளியே ஏதோ ஒரு முட்டை வண்டி பின்பக்கமாக வரும் பீப் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் வாயைத் திறந்து அக்காவின் பெயரைச் சொல்லியிருந்தால் அப்பா எழுந்து போயிருப்பார். பதுவையும் கைவிட்டுப் போயிருக்கும். இன்னும் ஒன்பது வருஷம் மழையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்க அம்மாவுக்குத் தெம்பு இருந்திருக்குமா, தெரியவில்லை.

தமிழ்ச்செல்விதான் பேசினாள். "நல்ல ஊருங்க மாமா. ஹால்ட்டுக்குச் சரியா இருக்கும்." பிறகு விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். "ஆனா இங்க நின்னா பாரிஸுக்கு நாள் பத்தாது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

"பாரிஸ் எங்க ஓடிறப் போவுது" என்று என்னிடமிருந்து பேனாவை வாங்கிப் பட்டியலில் அதை அவளே அடித்தாள்.

"எத்தன ராத்திரி போடட்டுங்கப்பா? ஒண்ணு போதுமா?" என்றேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தார்.

"ரெண்டு போடு" என்றாள் அம்மா. "எனக்கு முட்டி வலிக்கும்."

மே மாதம் போனோம். ரோமில் அம்மா நடந்த நடையைப் பார்த்தால் முழங்கால் வலிக்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பொலோனியாவில் ரயில் நின்றதும் அப்பா எல்லாப் பெட்டிகளையும் தன்னைச் சுற்றி அடுக்கச் சொன்னார். லாட்ஜுக்குப் போனதும் அறையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க போயிட்டு வாங்க. ஹால்ட்டுல வண்டிய உட்டுட்டு வரக்கூடாது."

வண்டி எதுவும் இல்லை. நான்கு பெட்டிகளும் ஒரு முறுக்கு டப்பாவும்தான் இருந்தன. நாங்கள் மூவரும் அக்கா வீட்டுக்குப் போனோம். அங்கே நடந்ததை எழுத எனக்கு வரவில்லை. சாயங்காலம் அக்கா எங்களோடு லாட்ஜுக்கு வந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. கதவருகே நின்றாள். அப்பா எழுந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்தபடி இருந்தார். எங்களில் யாருக்கும் உட்காரத் தோன்றவில்லை.

"இந்த ஊர்ல லாரிய எத்தன மணிக்கு உள்ள உடறாங்க?" என்றார் அப்பா.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, "தெரியலீங்கப்பா. விசாரிச்சுச் சொல்றேன்" என்றாள்.

"விசாரி."

மறுநாள் காலை விசாரித்துக்கொண்டு வந்தாள். எந்தத் தெருவில் எத்தனை மணி வரை, எந்தத் தெருவில் அறவே கூடாது, மீறினால் கேமரா எப்படிப் பிடிக்கும் என்று எல்லாம் சொன்னாள். அப்பா குறுக்குக் கேள்வி கேட்டார். சிலவற்றுக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. அதையும் விசாரிக்கச் சொன்னார்.

இரண்டு ராத்திரி முடிந்ததும் பதுவைக்குக் கிளம்பினோம். அம்மா வரவில்லை. முட்டி என்றாள். திரும்பும்போது ரயில் இந்த வழியாகத்தானே வரும், அப்போது ஏறிக்கொள்கிறேன் என்றாள். அம்மா ஏற்ற நினைத்திருந்த மெழுகுவர்த்தியைத் தமிழ்ச்செல்வி ஏற்றினாள். அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அசதியில்லாமல் அந்தோணியார் கல்லறை முன்னால் நின்றார்.

இப்போது அப்பாவுக்கு எழுபத்து நான்கு. ஒரு லாரியை விற்றாயிற்று, இரண்டு ஓடுகின்றன. முகப்பில் 'அந்தோணியார் துணை'தான் இருக்கிறது. அக்கா பொலோனியாவிலேயே இருக்கிறாள், ஊருக்கு வருவதைப் பற்றிப் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பாவைக் கூப்பிடுவாள். அங்கத்து ரோடு, டோல், டீசல் விலை என்று பேசுவார்கள். பிறகு போன் அம்மாவிடம் போகும். அம்மாவுக்கு ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. தமிழ்ச்செல்வி இன்னும் பாரிஸ் பார்க்கவில்லை. நான் அதே பள்ளியில் இருக்கிறேன். புளோரன்ஸை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.