உலுக்கிக் காட்டிய பாட்டு

பின்பனிக் காலம். இலையுதிர்த்த மரங்கள், இரந்து பெற இனி ஏதுமற்ற கைகளைப் போலக் கிளைகளை ஏந்தி நின்றன. ஞாயிறு எழுந்தும் ஒளி தரைக்கு இறங்கவில்லை. கூரைகளின்மேல் பனி எழ மனமின்றிக் கிடந்தது.

அத்தகைய ஒரு காலையில், பாட்டுக் கேட்கும் கருவிகளை விற்கும் கடையின் விற்பனையாளர், அவற்றைப் பழுதுபார்க்கும் மைத்துனன், அதாவது தம் மனைவியின் தம்பி, எதிரே அமர்ந்திருந்தார். சட்டைப்பைக்குள் அடங்கும் அவருடைய கருவி மேசைமேல் திறந்து கிடந்தது. மூன்று மாதங்களுக்கு முன் காய்ச்சலில் மறைந்த மகள் பாடிய துதி அதில் மட்டுமே இருந்தது. சென்ற வாரம் ஒலிக்கவிட்டபோது இரண்டாம் அடியிலேயே குரல் திக்கித் திக்கி நின்றுவிட்டது.

“மாமா, கடையில இதை வச்சுத்தானே வித்தை காட்டுனீங்க?”

“ஆமாம்ப்பா. எவ்வளவு உலுக்கினாலும் பாட்டு நடுவுல விட்டுத் துள்ளாதுன்னு காட்டணுமே. வர்றவங்க யார் பாடுறதுன்னு கேப்பாங்க. என் பொண்ணுன்னு சொல்லிக்க ஒரு சாக்கு.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“முப்பது, நாப்பது இருக்கும். பேய் பிடிச்சவன் மாதிரி ஆடுறியேன்னு முதலாளி கிண்டல் பண்ணுவாரு.”

அவன் சிரிக்கவில்லை. திருப்புளியைக் கீழே வைத்தான்.

“இதுக்குள்ள சுத்துற தட்டு இருக்கு, மாமா. அதுலேர்ந்து பாட்டை முன்கூட்டியே எடுத்து மெமரியில வச்சுக்கும். நீங்க உலுக்குறப்ப காதுல விழுறது மெமரியில இருக்கிறது. அதான் துள்ளல. ஆனா அப்பத்தான் தட்டுலேர்ந்து மீதியைப் படிச்சுக்கிட்டு இருக்கும். உலுக்குற அதிர்ச்சியெல்லாம் தட்டுக்குத்தான்.”

“மத்த பாட்டெல்லாம் நல்லா ஓடுதேப்பா!”

“மத்த எண்ணூறு பாட்டும் ஓடும். இந்த ஒண்ணு இருக்கிற இடம்தான் தேஞ்சுபோச்சு. நாலு நாளா முட்டி மோதிப் பாத்துட்டேன். முதல் அடிதான் மிஞ்சுது.”

விற்பனையாளர் தம் வலக்கையைப் பார்த்தார். மகளின் குரலைத் தேய்த்தழித்தது அந்தக் கைதான்; அதுவும் மகிழ்ந்து மகிழ்ந்து.

“அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன், மாமா. தானா கெட்டுப்போச்சுன்னு.”

“வேணாம். நானே சொல்றேன்.”

வீட்டில் அவர் நடந்ததைச் சொல்ல, மனைவி குறுக்கிடாமல் கேட்டாள்.

“முதல் அடி மட்டுமா?”

“ஆமா.”

“ரெண்டாவது அடிக்கு முன்னாடிதான் அவ மூச்சு வாங்குவா,” என்றாள்.

மாலையில் அவர் விளக்கேற்றிக் கருவியை ஒலிக்கவிட்டார். முதல் அடி எழுந்து அறுந்தது. இருவரும் கைகூப்பி, எஞ்சிய துதி எவ்வளவு நேரம் நீண்டிருக்குமோ அவ்வளவு நேரமும் அந்த அமைதியின்முன் தலைகுனிந்து நின்றனர்.

“எங்க இருந்தாலும் நல்லா இரு, கண்ணு,” என்றாள் தாய்.