கேமராவுக்கு வைத்த பொட்டு

“அய்யா, வண்டிய ஓட்டுனது நீங்க இல்லன்னா, செயிலுக்கு எதுக்கு நீங்க போனீங்க?”

வீரமணி ஜாமீனில் வீடு வந்த அன்று ஆறு வயது மகள் சிநேகா கேட்டது இது. முதலாளி நாகநாதன் ஓட்டும்போதே கண்ணயர்ந்து ஒரு சைக்கிள்காரர் மேல் ஏற்றிவிட்டார். அந்த மனிதர் பிழைக்கவில்லை. டிரைவர் வீரமணிதான் ஓட்டினான் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். இரண்டே நாளில் வெளியே எடுப்பதாகச் சொன்னவர், பிறகு போனைக்கூட எடுக்கவில்லை.

லைசென்ஸ் போயிற்று. வீரமணி இப்போது உச்சிப்புளியில் ஒரு வாட்டர் வாஷ் கடையில் வண்டி கழுவுகிறான். எந்த வண்டியைத் தேய்த்தாலும் நாகநாதனின் முகத்தைத் தேய்ப்பதாகவே நினைத்துக்கொள்வான்.

ஒருநாள் காலையில் அந்த ஆளே வந்து நின்றார். புதுக் கார். இராமேஸ்வரத்தில் பூசை போட்டுவிட்டு, மனைவி பானுப்பிரியாவோடு சென்னைக்குப் போகிற வழியில், பாம்பன் உப்புக்காற்று படிந்ததைக் கழுவ வந்திருந்தார். வீரமணியைப் பார்த்தும் அவர் முகம் சுண்டவில்லை.

“ஏலே, இங்கனதான் இருக்கியா? இனி எனக்கு டிரைவரே வேணாம்டா. இந்த வண்டி ரோட்டுக் கோட்டுக்குள்ள தானாப் போகும், முன்னால ஆளு வந்தா தானா நின்னுரும். கண்ணசந்தாலும் கவலையில்ல.”

வீரமணி முன் கண்ணாடியைப் பார்த்தான். அதன் நடு உச்சியில்தான், ரோட்டைப் பார்த்து வண்டியைத் தானாக நிறுத்த வைக்கிற கேமரா இருக்கும். சரியாக அந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். கேமராவுக்குக் கண் தெரியாது. வண்டிக்குள் திரையில் எச்சரிக்கை ஏதும் வந்ததா என்று கேட்டான். இங்கிலீஷில் என்னமோ வந்ததாம், ஓகே அமுக்கிவிட்டாராம்.

“எல்லாத்தையும் கழுவு. சாமி பொட்ட மட்டும் தொட்டுறாத.”

சரி என்றான். நெஞ்சு இனித்தது. இனி அவன் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, சொன்ன பேச்சைக் கேட்டாலே போதும். ஒன்பது மணி நேர ரோடு. மதியச் சோறு இறங்கினால் அந்த ஆள் தூங்குவான். வண்டி பார்த்துக்கொள்ளும் என்று நம்பித் தூங்குவான். இந்தத் தடவை பழி போட ஆளும் இல்லை. பொட்டின்மேல் ஒரு துளி தெறிக்காமல் அவ்வளவு பக்குவமாகக் கழுவினான்.

இருவரும் எதிர் டீக்கடைக்குப் போயிருந்தார்கள். உட்புறம் துடைக்கக் கதவைத் திறந்தான். முன் சீட்டில் பானுப்பிரியாவின் கைப்பை கிடந்தது. அவள் உட்காரும் இடம்.

அவன் ஜெயிலில் இருந்தபோது சிநேகாவுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது. பிள்ளையையும் அவன் மனைவி மாரிச்செல்வியையும் தன் ஸ்கூட்டரில் ஏற்றி இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மூன்று நாள் வந்து வந்து பார்த்தவள் பானுப்பிரியா. வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாளாம். இன்றும் காரை விட்டு இறங்கியதும், பிள்ளை எத்தனாவது படிக்கிறாள் என்று மெதுவாகக் கேட்டாள். அவன் முகம் கொடுக்கவில்லை.

நாகநாதன் மேல் இருந்த வெறுப்பு அப்போதும் ஒரு பொட்டளவு குறையவில்லை. கோபம் தீர்ந்த பிறகுதான் நல்லது செய்ய வேண்டும் என்று எந்தச் சாமி சொன்னது?

டீக்கடைப் பக்கம் பார்த்தான். இருவரும் முதுகு காட்டி நின்றார்கள். குங்குமத்தைத் தனியே எடுத்துவைத்து, சந்தனத்தை நனைத்து வழித்தெடுத்து, கேமரா இருந்த இடத்தைப் பளிச்சென்று துடைத்தான். வழித்ததைக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் அதே அகலத்துக்கு அப்பி, நடுவில் குங்குமத்தை ஒற்றினான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனான்.