கோரியோவின் கோழியும் நடந்துபோன வீடும்

பொஹோல் தீவின் அந்தக் கரையில் கடல் வாசல்வரை வந்துவிட்டது. சாயங்காலம் ஓதம் ஏறுவதற்குள் வீட்டைத் தென்னந்தோப்புக்கு நகர்த்தியாக வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நகர்த்த வீடு இருக்காது. சிடாங்குக்கு இது தெரியும். அவள் புருஷன் இந்தோய்க்கும் தெரியும். தெரிந்தும் அந்த மனுஷன் வீம்பு பிடித்துக்கொண்டு நின்றான்.

வீட்டைத் தாங்கிய மரக்கால்களைத் தோண்டியெடுத்து, தரைக்கடியில் மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியாயிற்று. தோள் கொடுக்க ஊர் ஆம்பளைகள் வந்துவிட்டார்கள். கூலி என்று யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். வீடு போய் இறங்கியதும் வயிறாரச் சாப்பாடு, அதுதான் நன்றி. தோப்பில் வள்ளிக்கிழங்கும் வாழைப்பழமும் போட்ட தேங்காய்ப்பால் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் அடுப்படி மூலை மட்டும் எழும்பவே மாட்டேன் என்றது. அதற்கு ஊரிலேயே பலசாலியான கோரியோவின் தோள் வேண்டும்.

கோரியோவோ, தன் செவலைக் கோழியை இந்தோய் அடித்துத் தின்றுவிட்டான் என்று ஊரெல்லாம் தமுக்கடித்துக்கொண்டிருந்தான்.

"போய்க் கூப்பிடுங்களேன். வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் சிடாங்.

"திருடன்னு சொன்னவன் கால்ல விழச் சொல்றியா? வீடு கடலோட போனாலும் போகட்டும்!"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் கோரியோ, தோளில் பழைய துணியைச் சுருட்டிக் கட்டியபடி, தானாகவே வந்து நின்றான்.

"தள்ளி நில்லுங்கடா."

"உன்ன யாரு கூப்பிட்டா?" என்று சீறினான் இந்தோய்.

"கோழி தின்ன வாய மூடு. எம் பொண்டாட்டி பிரசவ வலியில துடிச்சப்போ, புயல்லயும் படகு எடுத்தவன் நீ. அது வேற, கோழி வேற. தூக்குடா!"

வீடு எழும்பியது. அடுப்படிக்குக் கீழே இருந்த தேங்காய் மட்டைக் குவியல் வெட்டவெளிக்கு வந்தது. அதன் நடுவில், குஞ்சுகள் புடைசூழ, செவலை!

தலைக்கு மேலிருந்த கூரை திடீரென்று போனதில் அதற்கு வந்ததே கோபம்! கண்ணில் பட்ட முதல் காலைக் கொத்தியது. கோரியோவின் கால். அவனுக்கோ இரண்டு கையும் மூங்கிலில்.

"ஐயோ, யாராச்சும் பிடிங்கடா!"

"உன் கோழிதானே அண்ணே, நீயே பேசிக்க!" என்றான் பக்கத்தில் தூக்கியவன்.

தூக்கியவர்கள் சிரித்த சிரிப்பில் வீடே குலுங்கியது. உள்ளே சட்டிகள் கடகடத்தன. "சிரிக்காதீங்கடா, வீட்டப் போட்டுடாதீங்க!" என்று கத்திய சிடாங்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். முன்னே வீடு போனது. பின்னே குஞ்சுகளோடு செவலையும் ஏசிக்கொண்டே போனது. தோப்பில் வீடு இறங்கியதும் கோழி நேராக அடுப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது.

கோரியோ தலையைச் சொறிந்தான். "இந்தோய்... நான்..."

"பேசாத. கஞ்சி ஆறுது."

சிடாங் முதல் கிண்ணத்தைக் கோரியோவுக்குத்தான் தளும்பத் தளும்ப ஊற்றினாள். "நீங்க வரலேன்னா என் வீடு இந்நேரம் கடல்ல மிதந்திருக்கும். வயிறு முட்டக் குடிங்கண்ணே."

குடித்து முடித்தவன் கோழியையே பார்த்தான். "பாதிக் குஞ்சு உனக்கு, தங்கச்சி."

"நீங்க கொடுக்காட்டியும் அது இங்கேர்ந்து நகராது."

"அப்போ நான் நகர்றேன். டேய், என் வீட்டையும் தூக்கிட்டு வந்து இங்க பக்கத்துல வைங்கடா. தினமும் கோழியப் பார்க்க அவ்வளவு தூரம் யாரு நடக்கிறது?"

"இன்னிக்கேவா?" வீங்கிய தோள்களைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் அலறினார்கள்.

இந்தோய் மட்டும் அலறவில்லை. பாதிக் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, தன் வீட்டுக்கடியில் குனிந்து மூங்கில் கட்டுகளை அவிழ்க்கத் தொடங்கியிருந்தான்.

"உன் வீட்டு அடுப்படி மூலை என் தோளுக்கு," என்றான்.