கமலினி அன்ரி வீட்டு மோடம்

மேற்குச் சிட்னியில் வாழும் தமிழர்களிலே, எவராலும் எதையும் விற்றுவிட முடியாத ஒரே மனிதன் கீர்த்தனன். இதை அவனே பலமுறை சொல்லியிருக்கிறான், சிரிக்காமல். இருபது வயதுக்குள் அவன் தலையில் சத்துமாவு கட்டப் பார்த்தவர்கள் மூன்று பேர். காந்தப் படுக்கை ஒருவர். கற்றாழைச் சாறு, கணக்கில்லை. அத்தனை பேரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். பல்கலைக்கழகத்தில் அவன் படிப்பது கணினி வலையமைப்பு. ஆளுக்கு ஆள் பிடிக்கும் வியாபாரத்துக்கும் நெட்வேர்க் என்று பேர் வைத்ததை அவன் தன் துறைக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டான்.

அந்த அவமானத்தைத் துடைக்க இன்ஸ்டகிராமில் ஒரு பக்கம் நடத்தினான். பெயர் 'அஞ்சு நிமிசம்'. விற்க வருகிற எல்லோரும் முதலில் கேட்பது அஞ்சு நிமிசம்தானே. நடத்துகிறவன் யார் என்பது அவனுக்கும் வீடியோ வெட்டி ஒட்டும் சிநேகிதன் விவேக்குக்கும் மட்டுமே தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன் கிரவீனில் கமலினி அன்ரி வீட்டுக்கு வைஃபை சரிபார்க்கப் போயிருந்தான். வேலை முடிந்ததும் அன்ரி ஏழடுக்கு நீராவிச் சட்டியைத் தூக்கி மேசையில் வைத்து, "இது வியாபாரம் இல்லைத் தம்பி, இது குடும்பம்" என்று தொடங்கினார். கீர்த்தனன் தேத்தண்ணிக் கோப்பையில் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்தான். அன்றிரவே அது நாற்பது விநாடி வீடியோவாகியது. முகத்தை மங்கலாக்கினார்கள். குரலை எலிக்குஞ்சுக் குரலாக மாற்றினார்கள். கடவுளுக்கே அடையாளம் தெரியாது என்றான் விவேக்.

கடவுளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்ரியின் தலைக்கு மேலே, சுவரில், மகள் ராகவி பெரியபிள்ளையானபோது எடுத்த மூன்றடி உயரச் சாமத்தியவீட்டுப் படம் தொங்கியது. பதின்மூன்று வயது, மயில் வடிவ நாற்காலி, நகைக்கு நடுவே கொஞ்சம் முகம். அதை மங்கலாக்க இருவருக்கும் தோன்றவில்லை. அந்தச் சடங்குக்கு வந்து சாப்பிட்டவர்கள் நானூற்றைம்பது பேர். கீர்த்தனனும் சாப்பிட்டவன். ஐஸ்கிரீம் இரண்டு தரம்.

வியாழக்கிழமை பின்னேரம் அன்ரி திரும்பவும் கூப்பிட்டார்.

"தம்பி, மோடத்திலை ஏதோ பிழை. நான் அனுப்புறது ஒருத்தருக்கும் போகுதில்லை."

அது மோடம் இல்லை, ரவுட்டர் என்று வழக்கமாகத் திருத்துவான். அன்று திருத்தவில்லை.

அன்ரி தொலைபேசியை நீட்டினார். 'கமலினி சமையல் குடும்பம்' என்ற வாட்சப் குழுவில் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். இப்போது ஒன்பது. தனித்தனியாக அனுப்பியவற்றில் பலதுக்கு ஒரேயொரு சரி அடையாளம்தான் விழுந்திருந்தது. அவர்கள் அன்ரியின் எண்ணை பிளொக் பண்ணியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகம் போகத் தேவையில்லை.

"சனிக்கிழமை நாலு மணிக்கு டெமோ. பன்னிரண்டு பேர் இருக்கக் கதிரை அடுக்கியாச்சு. நூறு ரோல்ஸ் சுத்தி வைச்சிருக்கிறன். ஒருத்தரும் வாறன் எண்டு சொல்லேல்லை."

"அன்ரி, இப்பிடி ஒரு பிழையெண்டால் நாங்கள் முதல்ல பிங் பண்ணிப் பாக்கிறது."

"அதென்னது?"

"மற்றக் கொம்பியூட்டருக்கு 'இருக்கிறியோ' எண்டு சும்மா ஒண்டு அனுப்புறது. 'இருக்கிறன்' எண்டு திரும்பி வந்தால் லைன் சரி."

"அதைத்தானே நானும் செய்யிறன்! காலமை எழும்பி எல்லாருக்கும் 'சாப்பிட்டாச்சோ' எண்டு போடுறன். ஒருத்தரும் ஓம் எண்டும் சொல்லுறாங்கள் இல்லை."

கீர்த்தனன் குனிந்து, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ரவுட்டரின் வயரைப் பிடுங்கினான். பத்து எண்ணிவிட்டுத் திரும்பச் சொருகினான். நிமிர்ந்தபோதுதான் சுவரைப் பார்த்தான். படம் இருந்த இடத்தில் நீள்சதுரமாக வெளிறிய சுவர் மட்டும்.

"படம் எங்கை அன்ரி?"

"ராகவி மெல்பேணிலை இருந்து எடுத்து ஒரே அழுகை. உடனை கழட்டட்டாம். ஏனடி எண்டு கேட்டால் காரணம் சொல்லுறாள் இல்லை. படிப்பு கஷ்டமாக்கும்." அன்ரி கோப்பையை அவன் பக்கம் தள்ளினார். "உண்மையைச் சொன்னால் தம்பி, சட்டி வித்து நான் ஒரு வீடும் கட்டேல்லை. அங்கிளுக்கு இரவு வேலை, பகல் நித்திரை. இந்தச் சட்டியைத் தூக்கின பிறகுதான் இந்த ஊரிலை நாலு சனம் என்ர பேர் சொல்லிக் கூப்பிட்டது."

"அன்ரி, நான் உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும்..."

"முதல்ல தேத்தண்ணியைக் குடி. ஆறுது."

குடித்தான். அது தொண்டையில் இறங்கி முடிவதற்குள் தைரியமும் கூடவே இறங்கிவிட்டது.

"லைன் சரியாப் போச்சு அன்ரி," என்றான். "சனிக்கிழமை சனம் வரும்."

"உண்மையாவோ?"

"ஓம் அன்ரி."

அன்ரி அவனுக்குப் பன்னிரண்டு ரோல்ஸ் கட்டிக் கொடுத்தார்.

பென்டில் ஹில் ஸ்டேஷன் வாங்குப் பலகையில் உட்கார்ந்து முதலில் வீடியோவை அழித்தான். அது ஏற்கெனவே ஊர் முழுக்க வாட்சப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால், சனிக்கிழமை டெமோவுக்கு எல்லோரும் வாருங்கள், சட்டி உண்மையில் நல்ல சட்டி என்று அதே பக்கத்தில் ஒரு விளம்பரம் போட்டான். பத்து நிமிடத்தில் இருநூறு சிரிப்பு முகங்கள். 'இதுவரை போட்டதிலேயே இதுதான் உச்சம்' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

விவேக் உடனே அழைத்தான். "மச்சி, செம! மூஞ்சில ஒரு சிரிப்பு இல்லாம எழுதியிருக்க பாரு."

"நான் சீரியசாத்தான் எழுதினனான்."

"அதான்டா உன் ஸ்டைலே!"

"வீடியோ போனதோடை ஒருத்தரும் அன்ரியோடை கதைக்கினம் இல்லையடா. சுவரிலை இருந்த படத்தையும் கழட்டிப்போட்டா."

"எந்தப் படம்? அந்த மஞ்சள் நீராட்டு போட்டோவா?" மறுமுனையில் அந்த எலிக்குஞ்சுக் குரல் ஒருமுறை ஓடி நின்றது. "சரி, சனிக்கிழமை நான் வர்றேன். ஆனா நான் எதையும் வாங்க மாட்டேன்."

ஒருவன் ஆயிற்று. இன்னும் பதினொரு கதிரை.

அடுத்ததாக மகேந்திரராஜா அங்கிளை அழைத்தான். காந்தப் படுக்கைக்காரர் அவர்தான்.

"அங்கிள், ஒரு அஞ்சு நிமிசம் கதைக்கலாமோ?"

"இதே அஞ்சு நிமிசத்தை நான் உன்னட்டைக் கேட்கேக்கை நீ என்ன சொன்னனீ?"

"அஞ்சு செக்கனும் இல்லை எண்டனான் அங்கிள்."

"ஆ. ஞாபகம் இருக்கு. இப்ப சொல்லு."

கீர்த்தனன் சொன்னான். சட்டியின் ஏழு அடுக்கையும் சொன்னான். எண்ணெய் தேவையில்லை என்றான். அன்ரி அன்றைக்குச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு மனப்பாடம். நாற்பது விநாடிக்குச் சுருக்க அதைத்தானே நூறு தரம் கேட்டிருந்தான்.

"வாறன்," என்றார் அங்கிள். "ஆனால் ஞாயித்துக்கிழமை நீ வந்து என்ர படுக்கையிலை ஒரு மணித்தியாலம் படுக்க வேணும். நாலு பேருக்கு முன்னாலை."

ஒருவர் டெமோவுக்கு மற்றவர் போவதுதான் இந்த வியாபாரிகளின் வழக்கம். அதைப் பற்றியும் அவன் ஒரு வீடியோ போட்டிருந்தான், நன்றாக ஓடியது.

"ஓம் அங்கிள்," என்றான். "படுக்கிறன்."

ஆறு ரயில் போயிற்று. சத்துமாவு அன்ரிமார் மூவரும் அதே விலை பேசினார்கள். அடுத்த மாதத்துச் சனி ஞாயிறு எல்லாம் நிரம்பியது. கணக்குப் பார்த்தான். இன்னும் ஏழு கதிரை. பையில் ரோல்ஸ் ஆறிப்போய்க் கிடந்தது, ஒன்றைக்கூட அவன் தொடவில்லை.

அடுத்த பெயர் தாட்சாயினி அன்ரி. குழுவை விட்டு முதலில் விலகியவர். எப்படித் தொடங்குவதென்று யோசித்தான். மணி அடித்தது. எடுத்தார்.

"அன்ரி, கீர்த்தனன் கதைக்கிறன். சாப்பிட்டாச்சோ?"

"ஓம் தம்பி. ஏன்?"

கீர்த்தனன் குரலைத் தாழ்த்தி, மிகவும் மரியாதையாக, ஒரு அஞ்சு நிமிசம் இருக்குமோ என்று கேட்டான்.